ராஜுலாவில் போன அப்பாவை இப்போது க்ரூஸ் கப்பலில் அழைத்துப் போகலாமா?

கீழ்வேளூர் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கப்பல் பயணம் போய்வந்தவர்கள், வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் யாராவது பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்பாவுக்கு 84 வயது. 1956-ல், 15 வயதில், தாத்தாவோடு நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அங்கே தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையிலேயே வளர்ந்து, பிறகு கடையைப் பார்த்துக்கொண்டு, 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டுப் பிரச்சினை வந்ததும் அடுத்த வருடம் அதே ராஜுலாவில் திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு பினாங்குக்குப் போகவே இல்லை. போக முடியாமல் இல்லை, ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு செலவு முன்னால் வந்து நின்றது.

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கிருந்து பினாங்கு, போர்ட் கிள்ளான் தொட்டுத் திரும்பும் மூன்று நான்கு இரவு க்ரூஸ் இருக்கிறது, அப்பாவை அதில் கூட்டிப் போகலாம் என்கிறான். எனக்கு ஆசைதான். ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை, இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும். பேசாமல் விமானத்தில் பினாங்கு போய்விட்டு வந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அவரிடம் கேட்டால் "கப்பல்னா ராஜுலாதான், இதெல்லாம் ஓட்டல்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்கிறார். ஆனால் அன்று சாயங்காலம் பரணில் இருந்த பச்சை டிரங்குப் பெட்டியைத் தானே இறக்கச் சொன்னார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் 'பினாங்கு' என்று எழுதியிருக்கும். பழைய எழுத்தில் சுழித்துப் போட்ட 'னா', இப்போது பாதி உரிந்துவிட்டது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

போகலாமா, வேண்டாமா? ராஜுலா பற்றி நினைவு உள்ளவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

திருச்சி செந்தில்:

தாராளமாகப் போங்கள். போன வருடம் 79 வயது அம்மாவை இதே சிங்கப்பூர் - பினாங்கு பயணத்துக்குக் கூட்டிப் போனேன், அதனால் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அறை. எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் விலை குறைவு என்று கப்பலின் முன்மூக்குப் பக்கத்தில் அறை போட்டுவிட்டார். முதல் இரவு ஆட்டம் தெரிந்தது, அம்மாவுக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. தராசு மாதிரிதான், இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுவில் அசைவு குறைவு. அதனால் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை கேளுங்கள். நேர் மேலேயோ கீழேயோ பாட்டுக் கச்சேரி அரங்கம் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குளியலறை. சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். இரவில் இரண்டு முறை எழுந்திருப்பவருக்கு அதுதான் ஆபத்து. சக்கர நாற்காலி போகும்படியான அறைகள் என்று தனியாக உண்டு, வாசல் அகலம், தடுப்பு இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். கப்பலுக்குச் சில அறைகள்தான், சீக்கிரம் போய்விடும், ஆகவே தேதியைவிட முதலில் அந்த அறையைப் பிடியுங்கள்.

சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கப்பல் ஏறும்போது ஒரு நாட்டை விட்டு வெளியேறித் திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். மலேசிய விதிமுறை அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் எடுக்கும் அன்றே பாருங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம், எனவே கப்பல் பயணத்தையும் சேர்த்த காப்பீடு அவசியம். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மணிக்கணக்காகும்.

மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்திரா, மறுபக்கம் மலேயா, நடுவில் ஓடுவதால் பெரிய அலை கிடையாது. அப்பா பார்த்த வங்கக்கடலோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆகவே கடல் ஒத்துக்கொள்ளாது என்ற பயம் வேண்டாம்.

ஜார்ஜ்டவுன் கணேசன்:

தங்கச்சி, அப்பாவைக் கட்டாயம் கூட்டி வாங்க. நான் 1950-ல் பினாங்கில் பிறந்தவன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

ராஜுலா வருகிற நாள் எங்களுக்கெல்லாம் ஊர்த் திருவிழா மாதிரி. கிட்டங்கித் தெருவிலிருந்து மார்க்கெட் ஸ்திரீட் வரைக்கும் கடைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் துறைமுகத்துக்குப் போய்வருவார்கள், கல்லாவில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். என் சின்னய்யா ஊரிலிருந்து வந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கப்பல் பக்கவாட்டில் ஆயிரம் தலை. மேலே இருப்பவருக்குக் கீழே நிற்பவர் யாரென்று தெரியாது, கீழே நிற்பவருக்கு மேலே இருக்கிற முகம் தெரியாது, அதனால் எல்லோரும் பெயர் சொல்லிக் கத்துவார்கள். ஒரே ஊர்ப் பெயராக இருக்கும், ஒரு "முருகையா" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் கை தூக்குவார்கள். அப்பா கடைசியில் ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டார், அப்போதுதான் சின்னய்யா எட்டிப் பார்த்தார்.

அவர் கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின், வாய்க்கு ஈயம் பற்றவைத்து அடைத்தது. உள்ளே பாட்டி சுட்ட முறுக்கு. எட்டு நாள் கப்பலில் வந்தும் ஒன்றுகூட நமுத்துப்போகவில்லை. உடைத்துத் திறந்தபோது வந்த நல்லெண்ணெய் வாசனை எனக்கு இன்றைக்கும் தெரியும்.

எங்கள் தாத்தா காலத்து டெக் பயணிகள், அதாவது அறை இல்லாமல் தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள், நேராக ஊருக்குள் வர முடியாது. நோய் பரவும் என்று ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்திருந்து, சரி என்றால்தான் விடுவார்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. தாத்தா சாகிறவரை அந்தத் தீவின் பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது க்ரூஸ் கப்பல் வந்து நிற்பது ஸ்வெட்டன்ஹாம் பியர், 1904-லிருந்து இருக்கிற இடம். இறங்கி வெளியே வந்தால் மணிக்கூண்டு, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் 1833-ல் கட்டியது, அப்பாவுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கோவிலுக்குப் படி ஐந்நூறுக்கு மேல், முழங்கால் வலியோடு வேண்டாம். கீழே செட்டியார் கோவிலில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வரலாம்.

அப்பாவின் கடை எந்தத் தெருவில் இருந்தது?

பழங்கப்பல் பித்தன்:

அப்பா "இதெல்லாம் ஓட்டல்" என்று சொன்னது சரியான வார்த்தை. அதை விளக்க ஆசைப்படுகிறேன், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜுலா 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக ஓடிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (1972-லிருந்து போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர், மறுபடி அதே வழியே திரும்ப வேண்டும். இரண்டாம் உலகப் போரில் துருப்புகளை ஏற்றிக்கொண்டு போனது, போர் முடிந்ததும் பழைய தடத்துக்கே வந்துவிட்டது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது, 1974-ல் உடைக்கப் போய்விட்டது. ஏறக்குறைய 47 வருடம், பெரும்பாலும் ஒரே தடம். இவ்வளவு காலம் ஒரே வேலையைச் செய்த பயணிக் கப்பல்கள் உலகத்திலேயே குறைவு.

அதன் அளவு சுமார் 8,500 டன். கப்பலுக்குச் சொல்லும் இந்த டன் எடை அல்ல, உள்ளே மூடிய இடம் எவ்வளவு என்பதற்கான கணக்கு. இப்போது சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீம் சுமார் 1,50,000 டன். அளக்கும் முறை இடையில் மாறியிருக்கிறது, ஆனாலும் தோராயமாகச் சொன்னால் பதினேழு பதினெட்டு ராஜுலாவை அதற்குள் அடக்கலாம். அதில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 3,300-க்குச் சற்று மேல் பயணிகள் போகலாம். ராஜுலாவுக்கோ தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது! பிற்காலத்தில் அதைக் குறைத்தார்கள், இருந்தாலும் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும், ஆளுக்கு ஒரு பாய் அகலம்தான் இடம் என்பது புரியும். டெக் டிக்கெட் என்றால் மேல்தளத்திலோ அதற்குக் கீழே உள்ள தளத்திலோ பாயை விரித்து, தலைமாட்டில் பெட்டியை வைத்து, அதுவே வீடு.

இன்னொரு வித்தியாசம் கப்பலின் உடம்பிலேயே இருக்கிறது. ராஜுலா மாதிரி லைனர்கள் தபால், சரக்கு, ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, காற்று மழை எதுவானாலும் குறித்த நாளில் குறித்த துறைமுகத்தில் போய் நிற்க வேண்டியவை. அதற்கேற்ற மாதிரி குறுகிய, ஆழமான உடம்பு. க்ரூஸ் கப்பல் அகலம், உயரம், தண்ணீருக்குள் ஆழம் குறைவு, புயல் என்றால் வழியை மாற்றிக்கொள்ளும், ஒரு துறைமுகத்தை விட்டுவிடவும் செய்யும். அதற்குப் போய்ச்சேர வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இன்று உண்மையான லைனராகக் கட்டப்பட்டு ஓடிக்கொண்டிருப்பது 2004-ல் வந்த குவீன் மேரி 2 ஒன்றுதான்.

ராஜுலாவை வெறும் கூலிக் கப்பல் என்று சிலர் எழுதுகிறார்கள், படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். தோட்டத்துக்குப் போனவர்களும் போனார்கள், கடைக்காரர், வாத்தியார், புதிதாகக் கல்யாணமான பெண், நாடகக் குழு என்று இரண்டு தலைமுறை போய்வந்தது. மலேயா தமிழர்களில் ராஜுலா பெயர் கேட்காத பழைய குடும்பம் எங்கே இருக்கிறது? அதற்கு ஒரு அருங்காட்சியக மூலைகூட நாகப்பட்டினத்தில் இல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. உங்கள் டிரங்குப் பெட்டியைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

தேக்கா ரேவதி:

நான் ராஜுலா பார்க்கவில்லை, அதற்கு அடுத்து வந்த சிதம்பரம் கப்பலில் 1978-ல் எட்டு வயதில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்தேன். அது முதலில் பாஸ்தர் என்ற பெயரில் ஓடிய பிரெஞ்சுக் கப்பலாம், 1966-ல் கட்டியது என்று அப்பா சொல்வார். எங்களுக்கு பங்க் கிளாஸ், அடுக்குக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆயா கோடாலித் தைலத்தை டஜன் டஜனாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தார், அந்த வாசனையில்தான் ஒரு வாரமும் தூங்கினேன். 80-களின் நடுவில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள், அதோடு கப்பல் சேவையே முடிந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா சமைக்கவில்லை.

நீங்கள் சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே கப்பல் ஏறினால் பெரியவருக்குக் களைப்பாகிவிடும்.

காங்கேசன்துறை அன்பன்:

அக்கா, நாகப்பட்டினம் என்ற பெயரைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் எங்கட காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கினார்கள், இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நூற்றைம்பது பேர் போகலாம், ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பிரயாணம். காலநிலை சரியில்லாவிட்டால் ஓடாது, அதனால் நாளைக் கேட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். அப்பா கப்பல் ஏறிய அதே ஊரிலிருந்து கடலுக்குள் இறங்குகிற வாய்ப்பு அதில்தான் உண்டு. பினாங்குக்கு முன் அதில் ஒருமுறை கூட்டிப் போய்ப் பார்த்தால் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

நான் சின்ன வயதில் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் போயிருக்கிறேன். 64-ஆம் ஆண்டுப் புயலுக்கு முன் இந்தக் கப்பல் சேவை தனுஷ்கோடிக்கு இருந்தது என்று அம்மம்மா சொல்வா. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, நடுவில் கப்பல், பிறகு அங்கே ரயில் என்று ஒரே பயணமாகப் போய்வந்த காலம். யுத்தம் வந்து அதுவும் நின்றுபோனது. நாற்பது வருடம் அந்தக் கடலைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தோம். அதனால் கப்பல் வந்த அன்று துறைமுகத்துக்கு வெளியே சும்மா பார்க்கவே சனம் நின்றது.

கீழ்வேளூர் மகள்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முறுக்கு டின் வந்த இடத்தில் "நிறுத்து" என்றார். அவர்களும் ஒரு டின் கொண்டுபோனார்களாம், கப்பலிலேயே தாத்தா திறந்து பக்கத்துப் பாய்க்காரர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாராம், பினாங்கு போய்ச் சேரும்போது வெறும் டின்தான்.

அப்புறம் பேசிக்கொண்டே போனார். இத்தனை வருடத்தில் எங்களிடம் சொல்லாத விஷயங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, வெகுதூரம் தள்ளி நிற்கும், படகில்தான் போக வேண்டும். படகு அலையில் மேலே எழும்பும்போது கப்பல் ஏணியில் கால் வைத்துவிட வேண்டும், இறங்கும்போது வைத்தால் கால் போய்விடும். முன்னால் போன ஒரு அம்மா பயந்து ஏணிக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார், பின்னால் ஒருவர் "இப்ப... இப்ப வை" என்று அலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். அப்பா அந்த "இப்ப" என்ற சொல்லைக் கையால் தாளம் போட்டுக் காட்டினார். சாப்பாட்டுக்கு மங்குத் தட்டோடு வரிசை, வாந்திக்கு உப்பு எலுமிச்சங்காய், மூன்றாம் நாள் கரையே தெரியாமல் போனதும் தாத்தாவிடம் "திரும்பிப் போயிடலாம்" என்று அழுதது, எல்லாம் சொன்னார்.

கணேசன் அண்ணா, கடை பினாங்கு ஸ்திரீட்டில், ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் என்கிறார். எண் ஞாபகம் இல்லையாம், ஆனால் எதிரில் ஒரு சீனர் மரச்சாமான் கடை இருந்ததாம்.

செந்தில் சார், நீங்கள் சொன்ன அகல வாசல் அறையைத் தம்பி இன்று விசாரித்தான், பிப்ரவரியில் ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினம் கப்பலையும் கேட்டுவைக்கிறேன், அப்பாவுக்கு அதில் ஆர்வம் வந்துவிட்டது. கீழ்வேளூரிலிருந்து பக்கம்தானே என்கிறார். அவர் இன்னும் "சரி" என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் பாஸ்போர்ட் எங்கே என்று காலையில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம்: பினாங்குக்குக் கப்பல் எத்தனை மணிக்குப் போய்ச்சேரும்? கரை தெரிகிற நேரத்தில் அவரை மேல்தளத்தில் உட்காரவைக்க வேண்டும்.

திருச்சி செந்தில்:

பயணத்துக்குப் பயணம் மாறும், அட்டவணையில் போட்டிருப்பார்கள். எப்படியும் போய்ச்சேருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே மேலே போய்விடுங்கள். காற்று இருக்கும், குல்லாயும் சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு முந்தின நாளே வரவேற்பில் சொல்லிவைக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் கணேசன்:

தையல் கடை இப்போது இல்லை. மரச்சாமான் கடைக் கட்டடம் எது என்று பழைய ஆட்கள் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், தெரிந்ததும் சொல்கிறேன். கப்பல் பெயரும் தேதியும் முடிவானால் எழுதுங்கள் தங்கச்சி, நான் பியர் வாசலில் நிற்கிறேன். அப்பா பெயரோடு கீழ்வேளூரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவேன் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.